பல் பாட்டின் இரண்டாம் சரணம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். நானும் அவரும் நலம். அவர் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். இந்தத் தடவை திரும்பி வரக் கொஞ்ச நாளாகும். உன் கழுத்துப் புண் முழுக்க ஆறிவிட்டதா? அண்ணி இன்னும் எல்லாவற்றையும் அரைத்துத்தான் தருகிறார்களா?

குரல்வளையை எடுத்த பிறகு நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, "போனில் தட்டி அனுப்பினால் என் கோபம்கூடச் சின்னதாகத் தெரிகிறது, காகிதத்தில் எழுது" என்று உத்தரவு போட்டாய். அதனால் இந்தப் பெரிய சேதியையும் காகிதத்தில் எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு, நீ படிக்கும் வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கப் போகிறேன்.

என் பெயரில் ஒரு ஆல்பம் வரப்போகிறது. பாட்டெல்லாம் உன்னுடையது. நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து போட்டீர்களே ஒரே ஒரு கேசட், அதிலிருக்கும் எட்டுப் பாட்டையும் நான் மறுபடி பாடப் போகிறேன். கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. யார் யாரோ பாடும்போது பின்னால் மூன்றாவது மைக்கில் நின்று "ஆ" என்றும் "ஓ" என்றும் பாடியே எனக்கு நரை வந்துவிட்டது உனக்குத் தெரியும். இந்தத் தடவை அட்டையில் என் பெயர் வரும்.

செருப்புப் பாட்டை மட்டும் பாடிப் பார்த்து அண்ணியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல். உன் சம்மதமும் வேண்டும், உன் அபிப்பிராயமும் வேண்டும். பாராட்டு மட்டும் இருந்தாலும் வருத்தப்பட மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன்
சிட்டு


ஜனவரி 25

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். தொண்டை நன்றாக இருக்கிறது.

ஜெராக்ஸ் கடை வழக்கம்போல் ஓடுகிறது. ஒரு வேடிக்கை கேள். எனக்குப் பேச வராது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினால், வருகிறவர்கள் பதிலுக்குக் கத்துகிறார்கள். வாய் போனால் காதும் போயிருக்கும் என்று கணக்கு. நேற்று ஒரு பெரியவர் என் சிலேட்டை வாங்கி, "ரெண்டு பக்கமும் ஒரே தாளில்" என்று எழுதியே காட்டினார். பாவம், நல்ல கையெழுத்து.

ஆல்பம் சேதி கேட்டு உன் அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். எனக்கும் சந்தோஷம். பாட்டுகளை எடுத்துக்கொள். அதற்கெல்லாம் நீ என்னிடம் சம்மதம் கேட்பதா?

இனி அபிப்பிராயம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பாதியில் பயந்துபோய்த் திறந்துவிட்டேன். அது நான்தான். இழுப்பு, குழைவு, சிரிப்பு எல்லாம் நான். கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வருகிறவன் பாடும் பாட்டு அது. மூன்றாவது வரியில் "கூட்டத்திலே" என்ற சொல்லை நான் இரண்டாக உடைப்பேன் இல்லையா, அது கலை இல்லை. அன்றைக்கு எனக்குச் சளி. நீ அந்தச் சளியையும் விடாமல் பாடியிருக்கிறாய்.

நாள் முழுக்க நகல் எடுக்கிறவன் சொல்கிறேன். அசலில் தேநீர்க்கறை இருந்தால் அது நகலிலும் விழும், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். பாட்டுக்கு அப்படிக் கொடுக்க மாட்டார்கள். நான்தான் வேண்டும் என்கிறவனுக்கு அந்தக் கேசட் இருக்கிறது. நீ எதற்கு?

கோபித்துக்கொள்ளாதே. மறுபடி பாடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் குளிரில் கழுத்துத் துணியை மறக்காதே.

நீ சொன்னது சரி. அதைப் படித்த அன்று கோபம் வந்தது, மறுநாள் போய்விட்டது. முதலில் பாடியதை எல்லாம் அழித்துவிட்டோம். இப்போது உன்னுடையது மாதிரி ஒரு இடம்கூட இருக்காது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வயலின்கள் சேர்த்து, நான் அடிக்குரலில் பாடியிருக்கிறேன். பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தயாரிப்பாளர், "இதுதான் மேடம், இதத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்றார். இவ்வளவு வருஷத்தில் அந்த மனிதர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மூன்று பாட்டு அனுப்புகிறேன். செருப்புப் பாட்டு, புதிதாக. அடுத்தது மாடிக்குழாய்ப் பாட்டு. மேல்வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று சண்டை பிடிக்கப் போய் அண்ணியைப் பார்த்துவிட்டு வாயடைத்து இறங்கி வந்தாயே, அது. மூன்றாவது, பல் பாட்டு. பல் டாக்டரிடமிருந்து வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்து நீ எழுதியதை, கேட்டவர்கள் எல்லாம் காதல் தோல்வி என்று நினைத்து அழுதார்கள். நாம் மட்டும் சமையலறையில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதை இப்போது பாடும்போது சிரிப்பு வரவில்லை. ஏனென்று தெரியவில்லை. கேட்டுவிட்டு எழுது.

உன்
சிட்டு


மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? தொண்டை நன்றாக இருக்கிறது.

செருப்புப் பாட்டைக் கேட்டேன். யார் செத்தது? தொலைந்தது ஒரு செருப்பு, அதுவும் வார் அறுந்தது. அதற்கு இத்தனை வயலினா? அந்தப் பாட்டில் வருகிறவன் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிறான். நொண்டுகிற நடைதான் அதன் தாளம். நீ அவனை நாலு பேர் தோளில் ஏற்றிவிட்டாய்.

குழாய்ப் பாட்டு அதைவிட மோசம். சொட்டுச் சொட்டாக விழும்போது வருகிற எரிச்சல்தான் அந்தப் பாட்டு. நீ அந்தக் குழாயை அருவியாக்கிவிட்டாய். அருவி விழுகிறது என்று புகார் சொல்ல எவன் மாடியேறிப் போவான்? போகாவிட்டால் எனக்குக் கல்யாணம் ஏது? உன் அண்ணியும் கேட்டாள். "எங்க வீட்டுக் குழாய்க்கு இவ்ளோ துக்கமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதலில் என்னை மாதிரியே பாடினாய். இப்போது என்னைப் புதைத்துவிட்டுப் பாடுகிறாய். சிட்டு, நான் உயிரோடுதான் இருக்கிறேன். நேற்றுகூட வரிசையில் நின்று மின்கட்டணம் கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடித் தோற்றவர்கள் நிறையப் பேரை நான் கேட்டிருக்கிறேன். குரல் மோசமாக இருந்து தோற்றவர்கள் குறைவு. அந்தப் பாட்டிடம் தனக்கு என்ன வேலை என்று தெரியாமலே போய்ப் பாடிவிடுகிறார்கள். எனக்குச் செலுத்துகிற மரியாதை ஒரு வேலை ஆகாது. அதை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

மாப்பிள்ளையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே. ஊரிலிருந்து வந்துவிட்டாரா?

அண்ணன்


மார்ச் 10

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

உனக்குச் சொல்வது சுலபம். நீ உன் பாட்டை நீயே எழுதி, நீயே பாடி, நாலு பேர் கைதட்டிக் கேட்டவன். நான் இத்தனை வருஷம் அடுத்தவர் குரல் நன்றாகத் தெரிவதற்காக என் குரலைக் குறைத்துக்கொண்டு நின்றவள். "மூணாவது மைக், கொஞ்சம் பின்னாடி போம்மா" என்பதுதான் எனக்கு அங்கே பெயர். இப்போது முன்னால் வரச் சொல்கிறார்கள். எப்படி வருவது என்று தெரியாமல்தான் முதலில் உன்னைப் பிடித்துக்கொண்டேன், அப்புறம் வயலினைப் பிடித்துக்கொண்டேன். தப்பென்று சொல்கிறாய். சரி.

ஆனால் ஒன்று. மூன்று பாட்டு அனுப்பினேன். இரண்டுக்குத்தான் அடி விழுந்திருக்கிறது. பல் பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட நீ எழுதவில்லை. அது அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது?

மீதி ஐந்தும் அதே வயலின்களோடு முன்பே பாடி முடித்தாகிவிட்டது, அவற்றையும் அண்ணியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பாட்டுகளை வெளியிட உன் கையெழுத்து வேண்டுமாம். கம்பெனியிலிருந்து ஒரு தாள் அனுப்புவார்கள். விளம்பரத்தில் உன்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை போடுவார்கள் போலிருக்கிறது. கேட்டதைக் கொடுத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

உன்
சிட்டு


ஏப்ரல் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று முதலில் கேட்பதுதான் முறை. இன்றைக்கு அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அண்ணன் ஏன் உனக்கு எழுதவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பாய். இரண்டு வாரத்துக்கு முன்னால் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பக்கத்துத் தெருவில் போன் கடை வைத்திருப்பவள். நான் அப்போது உள்ளே தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு விளம்பரத்தை மேசைமேல் வைத்து, "இத நல்லாப் பெருசா எடுத்துக் குடுங்க. கடை வாசல்ல ஒட்டணும்" என்றாள்.

உன் ஆல்பத்தின் விளம்பரம். நடுவில் உன் அண்ணன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கழுத்தில் குழாயோடு, கண் பாதி மூடியபடி. அந்தப் படத்தை நான் உனக்கு மட்டும்தான் அனுப்பினேன், நீ வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாய் என்பதற்காக. கீழே, "குரல் போன அண்ணனுக்குத் தங்கையின் கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய எழுத்தில். கண்ணீர் அஞ்சலி என்று யாருக்குப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா?

உன் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மெஷினில் வைத்துப் பெரிதாக்கினார். முதல் பிரதி வெளிறி வந்தது. மை அளவைக் கூட்டி இன்னொன்று எடுத்தார். அவர் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. "பாவம், யாரோ பாட்டுக்காரராம். இருக்காரோ, போயிட்டாரோ" என்றாள். உன் அண்ணன் சிலேட்டை எடுத்து, "இருக்கார்" என்று எழுதிக் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டுச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். கடையைப் பூட்டிக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கம்பெனித் தாளும் அதே வாரம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. போடு என்று நானும் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய பல் பாட்டை அவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார். அடிக்கடி கேட்கிறார். இரண்டாம் சரணம் வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார். "ஏன் நிறுத்துறீங்க?" என்று கேட்டால் கையை ஆட்டிவிட்டு எழுந்து போகிறார்.

நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்கலாம் என்று பல தடவை போன் செய்தேன். அவர் எடுக்கவே இல்லை.

இப்படிக்கு
அண்ணி


மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

அந்தப் படத்தைக் கொடுத்தது நான்தான். "அண்ணன் படம் ஏதாவது இருக்கா மேடம், சமீபத்துல எடுத்தது?" என்று கேட்டார்கள். அது ஒன்றுதான் போனில் இருந்தது, கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுக்க முடியாமல் போயிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த வாசகம் எனக்குத் தெரியாது. அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

நேற்றுக் கம்பெனிக்குப் போனேன். தயாரிப்பாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

"உங்க பேரு யாருக்கும் தெரியாது மேடம். உங்க அண்ணன் பேரும் இப்ப யாருக்கும் தெரியாது. பழைய பாட்ட இன்னொருத்தர் பாடினா எவன் காசு குடுத்துக் கேப்பான்? பின்னாடி ஒரு கதை இருக்கணும். உங்களுக்கு இருக்கு. அத வச்சுத்தான் நான் பணமே போட்டேன்."

"படத்த எடுத்துடுங்க. வாசகத்தையும் எடுத்துடுங்க" என்றேன்.

"எடுத்துட்டா அப்புறம் என்ன மேடம் இருக்கு?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். என் குரல் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் அது வாயில் வரவில்லை.

நீ கையெழுத்துப் போடாதே அண்ணா. போடாவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆல்பம் வராமல் போனால் போகட்டும். அண்ணியிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சிட்டு


ஜூன் 2

அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரை வழிமறித்துக் கேட்டே அவருக்கு என்மேல் பயம் வந்துவிட்டது.

இங்கே சுவர்களில் ஒட்டியிருந்ததை, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிழித்தேன். நல்ல பசை. முழுசாக வரவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உன் ஒரு கண் மட்டும் இன்னும் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். வேலை என்றால் பழையபடி மூன்றாவது மைக்.

திட்டியாவது எழுது.

சிட்டு


ஜூன் 19

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பேச முடிந்த காலத்தில் கோபம் வந்தால் கத்திவிட்டு அரைமணி நேரத்தில் காப்பி கேட்பேன். இப்போது எழுதித்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. எழுதினால் அது நாள்கணக்கில் ஆறுவதில்லை.

படத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். வெளிறி வந்த பிரதியை நான் ஏன் திருத்தி எடுத்தேன் என்று உன் அண்ணி இன்னும் கேட்கிறாள். தொழில், வேறென்ன. அந்தப் பெண் கொடுத்த காசுக்கு நல்ல பிரதி கிடைக்க வேண்டாமா? ஆனால் அதை எடுத்து முடித்த பிறகு என் கை வேலை செய்ய மறுத்துவிட்டது. போதும், முடிந்தது.

கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எட்டுப் பாட்டின் பெயரும் அதில் இருந்தது. ஏழை அடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டேன். படம் இல்லாமல், என்னைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், உன் பெயரில் மட்டும் வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். உன் ஆல்பம் இதோடு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அந்த ஏழும் நன்றாக இல்லை. உன்மேல் இருக்கிற பாசத்தில் அவற்றை வெளியே விட்டால் நாளைக்கு நீயே என்னைக் கேட்பாய்.

விட்டது பல் பாட்டை.

அதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மார்ச்சில் கேட்டாய். எழுத முடியவில்லை. "வாசல் திறந்தால் குளிர்காத்து நுழையுது, நீ இருந்த இடம் மட்டும் கூசுது" என்று நான் எழுதியபோது வாசல் என்றால் வாய், நீ என்றால் கடைவாய்ப்பல். எழுதிவிட்டு நானே சிரித்தேன். இப்போது என் கழுத்தில் நிஜமாகவே ஒரு வாசல் இருக்கிறது, அதன் வழியாகக் காற்று நுழைகிறது. விளையாட்டுக்கு எழுதியது இப்படி வீட்டைத் தேடி வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பாதியில் கழற்றி வைத்தேன். நீ எனக்காகத்தான் அந்த இடத்தில் கரைகிறாய் என்று நினைத்து எரிச்சல்பட்டேன்.

போன வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டேன். அப்புறம் மறுபடியும் கேட்டேன். சிட்டு, அந்தச் சரணத்தில் நான் இல்லை. "வாசல்" என்ற சொல்லுக்கு முன்னால் நீ நிற்கிறாய். தாளம் போய்விடுகிறது, நீ இன்னும் நிற்கிறாய். இத்தனை வருஷம் கோரஸ் பாடியவள் தாளத்தைத் தவற விட மாட்டாள். கதவுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு நிற்கிறவள் நிற்பது மாதிரி இருக்கிறது. மற்ற ஏழிலும் நீ எனக்காக அழுதாய், அதனால் கெட்டுப்போயின. இதில் நீ அழவே இல்லை. உன் வேலையைப் பார்த்திருக்கிறாய். அது என் பாட்டே இல்லை இப்போது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. யார் போனது?

அண்ணன்


ஜூலை 5

அன்புள்ள அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

அவர் போய்விட்டார். ஜனவரி முதல் வாரத்திலேயே போய்விட்டார். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார் என்று உனக்கு எழுதினேனே, அன்றைக்கு வீட்டில் அவருடைய மருந்துப் பை இருந்தது. பெரிய பெட்டிதான் இல்லை.

சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "எனக்கு இங்க இருக்க முடியல. உன்மேல ஒண்ணும் தப்பில்ல" என்றார். வேறு யாராவதா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்குவார்கள் என்று. அந்த மரியாதைதான் என்னை ரொம்ப நாள் வதைத்தது.

நீ அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பித் தேறிக்கொண்டிருந்தாய். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடப் போட, சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது. அழ வேண்டியதை எல்லாம் உன் பெயரைச் சொல்லி அழுதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பெனியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ ஒருவன்தான் "யார் செத்தது" என்று கேட்டாய்.

பாட்டு போன வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஒற்றைப் பாட்டு. தயாரிப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், போட்ட பணத்துக்கு இதையாவது விடுவோம் என்று விட்டார். நீ அடித்த ஏழையும் நேற்று உட்கார்ந்து கேட்டேன். நீ செய்தது சரி. சரி என்று தெரிந்தும் உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. பெரிய வெற்றி என்றெல்லாம் இல்லை. கேட்டவர்கள் கீழே ஏதேதோ எழுதுகிறார்கள். ஒருவருக்கு அம்மா நினைவு வந்ததாம். ஒருவர் வேலையை விட்டுப் போன நண்பனை நினைத்துக்கொண்டாராம். யாருக்கும் நம் கதை தெரியாது, தெரியாமலே கேட்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும், "இது பல்லைப் பற்றிய பாட்டு மாதிரி இருக்கிறதே?" என்று எழுதியிருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து உன் கடையில் ஆயுசுக்கும் இலவசமாக நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

அண்ணியிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு இன்னொரு முறை எழுதத் தெம்பில்லை.

சிட்டு


ஜூலை 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை அண்ணியிடம் அப்படியே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, மாப்பிள்ளையின் எண்ணைத் தன் போனிலிருந்து அழிக்கப் போனாள். அப்புறம் எப்படி அழிப்பது என்று தெரியாமல் தவறான எண்ணை அழித்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்து அழுதாள். அழுதது எண்ணுக்காக இல்லை.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வாய் இருந்தபோதும் வந்ததில்லை. நீ ஆறு மாதம் தனியாக ஒரு வீட்டில் இருந்துகொண்டு எனக்குக் கழுத்துத் துணியை மறக்காதே என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன்.

நீ சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். தொண்டை நன்றாக இருக்கிறது என்று எழுதி வந்தேன். மார்ச்சிலேயே இடது பக்கம், காதுக்குக் கீழே, கைக்கு ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. காட்டினால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று காட்டவில்லை. அப்புறம் அந்த விளம்பரம் வந்தது. அதற்கு மேல் டாக்டரிடம் போனால் அந்த வாசகத்தை நானே நிஜமாக்கப் போவது போல் இருந்தது. முட்டாள்தனம்தான். போன வாரம் உன் அண்ணியே கண்டுபிடித்துவிட்டாள். தலை துவட்டும்போது அவள் கை அதே இடத்தில் நின்றது. போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அன்றைக்கே போனோம். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை முடிவு சொல்வார்கள்.

சிட்டு, எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்த டாக்டர் வேகமாகப் பேசுகிறார். நான் ஒரு கேள்வியைச் சிலேட்டில் எழுதி முடிப்பதற்குள் அவர் மூன்று விஷயத்தைத் தாண்டிவிடுகிறார். அப்புறம் சிலேட்டைப் பார்த்து, உன் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். அவள் அழுவதால் பாதியை முழுங்கிவிடுகிறார். எங்கள் இரண்டு பேராலும் அவரிடமிருந்து ஒரு நேரான பதிலை வாங்க முடியவில்லை.

நீ வந்து கேள். நான் கேட்க நினைப்பதை எல்லாம் எழுதித் தருகிறேன், ஆனால் அதை அப்படியே வாசிக்காதே. என்னை மாதிரி ஜோக்கடித்துச் சுற்றி வளைக்காதே. உனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைக் கேள்.

மற்றபடி நலம் என்று எழுதக் கை போகிறது. விட்டுவிடுகிறேன்.

அண்ணன்


ஜூலை 25

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

புதன்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கம்பெனியில் சொல்லிவிட்டேன். எவ்வளவு நாள் என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நேற்றுச் சமையலறையில் நின்று டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை, "என்ன டாக்டர், உள்ள இன்னும் யாராவது குடியிருக்காங்களா?" என்று வந்தது. அது நீ. இரண்டாம் தடவை குரலில் அந்தப் பழைய வயலின் சேர்ந்துகொண்டது, பாதியில் நிறுத்தினேன். அடுப்பை அணைத்தேன். ஜன்னலை மூடினேன். கையைக் கட்டிக்கொள்ளாமல் நேராக நின்று, "திரும்ப வந்திருக்கா டாக்டர்? வந்திருந்தா அடுத்து என்ன செய்யணும்? அவரப் பாத்துச் சொல்லுங்க. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று கேட்டேன்.

சத்தமாகத்தான் கேட்டேன். குரல் உடையவில்லை. அப்படியே வியாழக்கிழமையும் கேட்பேன்.

ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். எனக்கு வழி தெரியும்.

உங்கள்
சிட்டு